மெடல் ஜீப்பு

மலைக்குப் போகிற ஜீப்பில் முன்சீட்டுப் பிடிப்பதும், இறுதிப் போட்டியன்று பத்திரிகையாளர் மாடத்தில் முதல் வரிசை பிடிப்பதும் ஒரே வித்தைதான். முந்திக்கொள்ள வேண்டும், வெட்கப்படக் கூடாது. வெள்ளிக்கிழமை காலை திருப்பத்தூரில் அந்தப் பச்சை ஜீப்பைப் பார்த்ததுமே கைப்பையை ஜன்னல் வழியாக முன்சீட்டில் எறிந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடம் விளையாட்டு நிருபராக இருந்தவளுக்கு இதுகூட வராவிட்டால் எப்படி?

"பைய எடுங்கம்மா, கியர் மேல கெடக்குது" என்றார் டிரைவர். ஐம்பது வயது இருக்கும். பெயர் கோவிந்தன் என்று பின்னால் இருந்தவர்கள் கூப்பிட்டதில் தெரிந்தது.

பின்னால் எத்தனை பேர் என்று எண்ணப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு மேல் எண்ண முடியவில்லை, ஏனென்றால் கோழித்தீவன மூட்டைக்குப் பின்னாலிருந்தும் பேச்சுச் சத்தம் வந்தது. மேலே சிமெண்ட் மூட்டை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கண்ணாடி பதித்த ஒரு பீரோக் கதவு. சென்னையில் மெட்ரோவில் ஒருவர் என் காலை மிதித்தால் 'சாரி' சொல்வதற்குள் சண்டைக்குப் போய்விடுவேன். இங்கே ஒரு அம்மாள் என் தோள்மேல் சாய்ந்தபடி ஏறி, அரை மணி நேரம் அப்படியே சாய்ந்து வந்தார். எனக்குக் கோபமே வரவில்லை. அவ்வளவு குஷி!

ஜீப் கிளம்பும் நேரத்தில் ஒரு பெண் குடத்தோடு ஓடி வந்தாள். "மெடல் ஜீப்பு பூட்ச்சா? தோ, நிக்குதா? இரு மாமா, இரு!"

எனக்குக் காது நீளமாயிற்று. மெடல் என்ற சொல்லைக் கேட்டால் தூக்கத்திலும் எழுந்துகொள்வேன். "ஏங்க, மெடல் ஜீப்புன்னு ஏன் பேரு?" என்று கேட்டேன்.

"அது ஒரு பேருங்க" என்றார் கோவிந்தன். பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அவர் கியரை மாற்றிய வேகத்தில் என் கைப்பை கீழே விழுந்தது.

நான் எதற்காகப் போகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடத்துக்கு முன் சென்னையில் மாநில அளவிலான பள்ளி விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் மூவாயிரம் மீட்டர் ஓட்டத்தில் ஜவ்வாது மலையிலிருந்து வந்த பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வெறுங்காலோடு ஓடி எல்லோரையும் எழுந்து நிற்க வைத்தாள். பெயர் அலமேலு. அவளைப் பற்றி நான்தான் எழுதினேன். போன மாதம் அவளே போன் செய்தாள். "மேடம், நீங்க எழுதுன நியூஸ பிரேம் போட்டு மாட்டி வெச்சிருக்கோம். எங்க ஊர் பொண்ணுங்களுக்கு ஓட்டப்பந்தயம் வெக்கறேன். நீங்கதான் சீப் கெஸ்டு. வரணும்."

வரணுமா? பறந்து வருவேனே! என் செய்திக்கு எத்தனையோ பேர் வசவுக் கடிதம் போட்டிருக்கிறார்கள். பிரேம் போட்டதாக ஒருவரும் சொன்னதில்லை. பரணில் ஏறி பழைய ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். அந்தச் செய்தி இருந்தது. 'ஜவ்வாது மலை மாணவிக்கு வெள்ளி.' கீழே என் பெயர். லேமினேட் செய்து, அலமேலுவுக்குப் பரிசாகக் கொடுக்க எடுத்துக்கொண்டேன்.

நான் விளையாட்டுப் பிரிவில் சேர்ந்தபோது அங்கே ஒன்பது ஆண்கள், ஒரு மின்விசிறி, நான். "கோலப் போட்டி எதாச்சும் இருந்தா சொல்றோம்மா" என்றார் ஒருவர் முதல் நாளே. மைதானங்களில் பெண் நிருபருக்குக் கழிப்பறை கிடையாது என்பதால் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் ஐந்து நாள் டெஸ்ட் போட்டியைப் பார்த்தவள் நான். பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு ராத்திரி மேட்சுக்கும் போகுமா?" என்று கேட்டார்கள். "மேட்ச் எப்ப இருக்கோ அப்பப் போவேன்" என்றேன். காபியை முடிக்காமல் எழுந்து போனார்கள். நல்ல காபி, மிச்சத்தை நான் குடித்தேன். கல்யாணம் அதற்கப்புறமும் நடக்கவில்லை. ஆனால் நாலு நாட்டு மைதானங்களைப் பார்த்துவிட்டேன்.

மலைப் பாதையில் பாதி ஏறியதும் ரேடியேட்டர் கொதித்தது. எல்லோரும் இறங்கினோம். பீரோக் கதவின் கண்ணாடியைப் பார்த்து இரண்டு பெண்கள் பூவைச் சரிசெய்துகொண்டார்கள். குடத்தோடு ஓடி வந்தாளே, அவள்தான் அன்றைய ரட்சகி. குடத்தில் தண்ணீர் இருந்தது. என் தோளில் சாய்ந்து வந்த அம்மாள் மடியிலிருந்து வறுத்த பலாக்கொட்டை எடுத்துக் கொடுத்தார். "துன்னுங்க. மெட்ராஸ்ல இதெல்லாம் தூக்கிப் போட்ருவீங்க" என்றார். உண்மைதான், தூக்கித்தான் போடுவோம். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று உப்பும் புகையும் மணக்கும் அந்தக் கொட்டையைக் கடித்தபோதுதான் புரிந்தது.

புதூர்நாடு வர இன்னும் நாலைந்து வளைவு இருக்கும்போது ஒரு அம்மாள் தலையில் மூட்டையோடு தனியே ஏறிப் போய்க்கொண்டிருந்தார். கோவிந்தன் வேகத்தைக் குறைத்தார். இரண்டு முறை ஹாரன் அடித்தார். அவரைத் தாண்டிப் போய் ஓரமாக நிறுத்தினார். வண்டிக்குள் பேச்சு சட்டென்று அடங்கிவிட்டது. அந்த அம்மாள் ஜீப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதே நடையில் எங்களைக் கடந்து போனார். கோவிந்தன் ஒரு நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

"யாருங்க அவங்க?"

"எங்க அக்கா" என்றார். "பாக்கும்போதெல்லாம் நிறுத்துவேன். ஏறாது."

அதற்குமேல் கேட்க எனக்கே வாய் வரவில்லை. கேள்வி கேட்டே பிழைத்தவள் சொல்கிறேன்.

புதூர்நாட்டில் அலமேலு ஸ்கூட்டரோடு காத்திருந்தாள். முப்பத்தொரு வயது, அதே மெலிந்த உடம்பு, அதே குதிகால் தரையில் படாத நடை. அங்கன்வாடியில் வேலை. கணவர் திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனியில். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவில் ஒரு கணம் அவள் பார்வை என் தோளைத் தாண்டி ஜீப்புக்குப் போனதையும், கோவிந்தன் லேசாகத் தலையசைத்ததையும் பார்த்தேன். நிருபர் கண், என்ன செய்ய!

அன்றிரவு அவள் வீட்டில் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும். மூன்று முறை கேட்டுப் போட்டுக்கொண்டேன். நான் கொண்டுவந்த பரிசைக் கொடுக்கப் பையைத் திறந்தேன். "நாளைக்கு அம்மா வூட்டுக்குப் போலாம் மேடம். நீங்க எழுதுனது அங்கதான் மாட்டி இருக்குது. அங்க வெச்சி குடுங்க" என்றாள்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் அவள் என்னை எழுப்பினாள். பனிமூட்டத்துக்குள் பதினோரு பெண் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அலமேலு ஸ்கூட்டரை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து கடிகாரத்தைப் பிடிக்க, அவர்கள் ஓடினார்கள். ஏற்றமான மண் பாதை. ஸ்கூட்டர் திணறியது, பிள்ளைகள் திணறவில்லை! ரேணுகா என்ற ஒருத்தி ஏற்றத்தில் ஓடியபடியே என்னிடம், "மேடம், நீங்க கிரிக்கெட்காரங்கள எல்லாம் நேர்ல பாத்துக்கீறீங்களா?" என்று மூச்சு வாங்காமல் கேட்டாள். கடிகாரத்தைப் பார்த்தேன். பழுதோ என்று தட்டிப் பார்த்தேன். பழுதில்லை. இந்த வேலைக்கு வந்ததற்காகச் சந்தோஷப்பட்ட காலைகள் என் வாழ்க்கையில் பத்துப் பன்னிரண்டு இருக்கும். அன்றைய காலை அதில் ஒன்று.

மதியம் அலமேலுவின் அம்மா வீடு. வாசலில் நின்று வரவேற்றவரைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. மூட்டையோடு நடந்து போன அதே அம்மாள். குப்பம்மாள் என்று பெயர். அப்படியானால் கோவிந்தன் அலமேலுவுக்குத் தாய்மாமன்!

"வாங்கம்மா, நீங்க எழுதுனதாலதான் எம் பொண்ணு பேரு இந்த மலைக்கே தெரிஞ்சிச்சி" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். சுவரில் பிரேம். காய்ந்த பூமாலை. பக்கத்தில் சின்ன விளக்கு. நான் பெருமையோடு கிட்டே போய்ப் படித்தேன்.

'ஜவ்வாது மலை மாணவிக்குத் தங்கம்.' கீழே என் பெயர். அதே தேதி.

என் கைப்பைக்குள் வெள்ளி, சுவரில் தங்கம்! இலையில் கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் வைத்தார்கள். என்ன தின்றேன் என்று இன்றைக்கும் தெரியாது. அந்தக் கோழிக்கு நான் செய்த துரோகம் தனி.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தூரத்து ஊர்களுக்குப் போகும் பதிப்பு முதலில் அச்சாகி வேனில் ஏறிவிடும். ஆட்டம் முடியட்டும் என்று வேன் காத்திருக்காது. ஆகவே, ஆட்டம் முடியும் முன்பே முடிவை ஊகித்து எழுதிக் கொடுத்துவிடுவோம். பெரும்பாலும் பலித்துவிடும். பலிக்காவிட்டால், பிறகு அச்சாகும் நகரப் பதிப்பில் மாற்றிவிடுவோம். அன்று மழையால் ஓட்டம் தள்ளிப்போய், விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. கடைசி ஒன்றரைச் சுற்று இருக்கும்போது அலமேலு முப்பது மீட்டர் முன்னால் இருந்தாள். நான் குதித்துக்கொண்டிருந்தேன். போனில் ஆசிரியர் குழு, "சீக்கிரம் சொல்லும்மா, வேன் நிக்குது" என்று அவசரப்படுத்தியது. "தங்கம் போடுங்க சார், நான் கேரண்டி" என்றேன். போனை வைத்துத் திரும்பினால், உயரமான ஒரு பெண் அவளைத் தாண்டி முதலாவதாக வந்து நிற்கிறாள்!

நகரப் பதிப்பு திருந்தியது. மலைக்கு வந்த பதிப்பு திருந்தவில்லை. மறுநாள் அந்தப் பதிப்பில் 'திருத்தம்' என்று இரண்டு வரி போட வேண்டியது என் கடமை. "மலைக்காட்டுல யாரு படிக்கப் போறா, வுடும்மா" என்றார் எங்கள் பிரிவுப் பெரியவர். நானும் விட்டேன். உண்மையைச் சொன்னால், விட்டதில் எனக்கு நிம்மதி. 'பொம்பளைய விளையாட்டுப் பக்கத்துல போட்டா இதான்' என்று சொல்லக் காத்திருந்தவர்கள் ஒன்பது பேர். என் பெயரைப் போட்டுச் செய்தி வரத் தொடங்கிய காலம் அது. நான் பயந்துவிட்டேன். பிறகு அதை மறந்தும்விட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அலமேலு என்னை போர்வெல் பக்கம் கூட்டிப் போனாள். எதையும் மறைக்காமல் பேசினாள்.

"பேப்பர் வந்து ரெண்டு நாள் கழிச்சிதான் நானும் மாமாவும் வந்தோம் மேடம். என்கூட மெட்ராஸுக்கு வந்தது மாமாதான். ஊரே மேளம் வெச்சிக்கினு நிக்குது. நான் வெள்ளிய காட்டறேன், எங்கடி தங்கம்னு கேக்கறாங்க. ரெண்டாவதுதான் வந்தேன்னு சொன்னா, பேப்பர்ல போட்டது பொய்யான்னு கேக்கறாங்க. மூணு மாசம் கழிச்சி மாமா இந்தப் பழைய ஜீப்ப வாங்கினு வந்தாரு. அவ்ளோதான். தங்க மெடல வித்து ஜீப்பு வாங்கிட்டான், புள்ளைய மெரட்டி வெச்சிருக்கான்னு முடிவு பண்ணிட்டாங்க. அம்மாவும் நம்பிடுச்சி. அன்னிலேர்ந்து அவரு வூட்டு வாசல்ல கால் வெக்கல. அந்த ஜீப்புல குந்தவும் இல்ல. சந்தைக்கு நடந்தே போய்ட்டு வரும்."

"போன்லயே சொல்லியிருக்கலாமே, அலமேலு?"

"சொன்னா வந்திருப்பீங்களா?" என்று நேராகப் பார்த்தாள். "பந்தயம்னா வருவீங்கன்னு தெரியும். உங்கள வரவெக்கறதுக்குத்தான் மேடம் இந்தப் பந்தயமே வெச்சேன். நான் சொல்லி நம்பல, மாமா சொல்லி நம்பல. எழுதுன கை சொன்னா நம்புவாங்க இல்ல?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சீப் கெஸ்டு என்று சொல்லிக் குற்றவாளிக் கூண்டுக்கு வரவழைத்திருக்கிறாள்! அடுத்த நிமிடமே சிரிப்பும் வந்தது. கெட்டிக்காரி. பதினாறு வருடத்துக்கு முன் கடைசிச் சுற்றில் இந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தால் தங்கமே வாங்கியிருப்பாள்.

மாலையில் கோவிந்தனைத் தேடிப் புதூர்நாடு டீக்கடைக்குப் போனேன். ஜீப்புக்கடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் சொன்னேன். "அந்தச் செய்திய எழுதினது நான்தாங்க. தப்பா எழுதினது நான்தான்."

கையிலிருந்த ஸ்பேனரோடு என்னையே பார்த்தார். ஒரு அடி விழுந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். "நீங்கதானா அது?" என்றார். பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பி, "ரெண்டு டீ போடு" என்றார்.

பாதி டீயைக் குடித்தார். அப்புறம் சொன்னார். "புளி குத்தகைல வந்ததையும் எம் பொண்டாட்டி கம்மலையும் போட்டு வாங்குன வண்டி இது. சொல்லிப் பாத்தேன், எவனும் கேக்கல. இப்ப பழகிப் போச்சி. வோணாம்மா, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. எங்க அக்காவுக்கு அந்தத் தங்கம்தான் எல்லாம். வெளக்கு ஏத்தி வெச்சிக்கினு இருக்குது. எனக்காவ அத புடுங்காதீங்க."

இதைக் கேட்ட பிறகு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகையோடு டீ குடிப்பது சிரமம். ஒருத்தி சொல்லச் சொல்கிறாள், ஒருத்தர் சொல்லாதே என்கிறார், இருவருக்கும் பாக்கி வைத்தவள் நான். திரும்பி நடந்தபோது ஒன்று தெளிவாயிற்று. அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பது என் பொய். அவர்கள் இருவரில் யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், இது நான் சொல்ல வேண்டியது.

ஞாயிற்றுக்கிழமை! ஊர் பொங்கி வழிந்தது. நெல்லிவாசல்நாட்டிலிருந்தெல்லாம் ஜீப்புகள் வந்து இறங்கின. மைக் செட்டில் பாட்டு. ஐஸ் வண்டிக்காரர் எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, மலை ஏறி வந்திருந்தார். பேருந்து நிறுத்தத்திலிருந்து மேட்டுத் தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பி வர வேண்டும். நாற்பது பெண்கள் கோட்டில் நின்றார்கள். என் கையில் மைக்கைக் கொடுத்து, நேர்முக வர்ணனை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன் பாருங்கள், தொண்டை கிழிய! தொட்டியைச் சுற்றித் திரும்பும்போதே ரேணுகா எல்லோரையும் ரொம்ப தூரம் பின்னால் விட்டுவிட்டாள்.

"யாரு மேடம் பஸ்ட்டு? சொல்லுங்க!" என்று கூட்டம் கத்தியது.

"கோட்டைத் தொடட்டும்."

"அதான் பின்னால யாருமே இல்லியே மேடம்!"

"கோட்டைத் தொடட்டும்!"

ரேணுகா பத்தடியில் வரும்போதும் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் நெஞ்சால் நாடாவைக் கிழித்த பிறகுதான், "முதலிடம் ரேணுகா!" என்று கத்தினேன். அவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு அது பதினாறு வருடப் பாடம்.

பரிசு கொடுத்து முடிந்ததும் மைக்கைக் கீழே வைக்காமல் தொடர்ந்தேன். கோவிந்தன் கூட்டத்தில் இல்லை, தூரத்தில் புளியமரத்தடியில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். குப்பம்மாள் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். சொல்லிவிட்டேன். அலமேலு இரண்டாவதாகத்தான் வந்தாள், தங்கம் என்று எழுதியது என் தவறு, கோவிந்தன் எதையும் விற்கவில்லை, விற்பதற்குத் தங்கம் என்று ஒன்று இருக்கவே இல்லை.

கைத்தட்டல் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இதையும் எதிர்பார்க்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு ஆள் எழுந்தார். "இன்னா மேடம், நீங்க வந்ததே அவன் ஜீப்புலதான? வழியிலயே சொல்லிக் குடுத்துட்டானா?"

கூட்டம் சிரித்தது. எனக்கு வந்ததே ஒரு கோபம்! முன்சீட்டுக்கு முந்திய என் புத்தியை நானே செருப்பால் அடித்துக்கொண்டிருப்பேன். அப்போதுதான் கைப்பை ஞாபகம் வந்தது. லேமினேட் செய்த வெள்ளியை எடுத்தேன். அலமேலு ஓடிப்போய் அம்மா வீட்டிலிருந்து பிரேமைக் கழற்றிக்கொண்டு வந்தாள். இரண்டையும் ரேணுகா கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒரே பேப்பர், ஒரே தேதி, ஒரே பெயர். ஒன்றில் தங்கம், ஒன்றில் வெள்ளி.

"ஒரே நாள் பேப்பர்ல ரெண்டு சேதியா?" என்றார் அதே ஆள். இப்போது அவர் குரலில் நக்கல் இல்லை.

"சோறு வேகறதுக்கு முன்னாடியே எலை போட்டுட்டேன்யா" என்றேன். "உங்களுக்கு வந்தது வேகாத சோறு. மெட்ராஸ்காரங்களுக்கு வெந்தது. அடுத்த நாளே வந்து தப்புன்னு சொல்லியிருக்கணும். என் வேலை போயிடும்னு பயந்து சொல்லல. இன்னொண்ணும் சொல்றேன். பள்ளிப் பந்தயத்துத் தங்க மெடல்னா வெறும் முலாம். அதை வித்தா ஜீப்பு இல்ல, ஜீப்போட ஹாரன்கூட வராது!"

இதற்குச் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றது, ஏனென்றால் குப்பம்மாள் எழுந்து நின்றார்.

"அப்ப எம் பொண்ணு ரெண்டாவதா?"

அலமேலுதான் சொன்னாள். "ஆமாம்மா, ரெண்டாவதுதான். அன்னிக்கும் அதத்தான சொன்னேன்." இடுப்பில் முடிந்திருந்த துணியை அவிழ்த்தாள். பதினாறு வருடமாகச் சாமைக் குதிருக்குள் கிடந்த வெள்ளிப் பதக்கம், நாடா வெளுத்திருந்தது. தானே கழுத்தில் போட்டுக்கொண்டாள். "மாநிலத்துலயே ரெண்டாவது வந்தேன். நம்ம ஊர்ல ஒருத்தர்கூட எனக்குக் கை தட்டல."

முதலில் தட்டியது ரேணுகா. அப்புறம் நாற்பது பெண்களும். அப்புறம் மலையே தட்டியது என்று எழுத ஆசைதான், ஆனால் இனி மிகைப்படுத்த மாட்டேன். பாதிப் பேர் தட்டினார்கள். குப்பம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். புளியமரத்தடியில் கோவிந்தன் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அன்று மாலை முழுக்க ஒருவரும் குப்பம்மாள் வீட்டுப் பக்கம் போகவில்லை. போகலாமா என்று கேட்டதற்கு, "விடுங்க மேடம், அது மனசு ஆறட்டும்" என்றாள் அலமேலு. உண்மையைச் சொன்ன உற்சாகம் ஒரு பக்கம், ஒரு தாயின் விளக்கை அணைத்துவிட்டோமே என்ற பயம் ஒரு பக்கம்.

திங்கட்கிழமை, சந்தை நாள். இறங்குகிற ஜீப்பில் பலாப்பழ வாசனை மூச்சை அடைத்தது. பின்னால் ஆளுக்கொரு பழம், பழத்துக்கொரு ஆள். முன்சீட்டு எனக்கு என்று கோவிந்தனே வைத்திருந்தார்.

மூன்றாவது வளைவில் குப்பம்மாள் நடந்து போய்க்கொண்டிருந்தார், தலையில் புளி மூட்டை. கோவிந்தன் வழக்கம்போல் வேகத்தைக் குறைத்தார். ஹாரன் மேல் கை போனது, ஆனால் அடிக்கவில்லை. தாண்டிப் போய் நிறுத்திவிட்டு, கண்ணாடியைப் பார்க்காமல் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எத்தனையோ கடைசி ஓவர்களைப் பார்த்திருக்கிறேன், எதற்கும் இப்படிக் காத்திருந்ததில்லை. என்ன நடக்கும் என்று ஊகிக்கக்கூட நான் துணியவில்லை.

காலடிச் சத்தம் கிட்டே வந்தது. என் ஜன்னலருகே நின்றது.

நான் கதவைத் திறந்து குதித்து இறங்கினேன். கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய், இரண்டு பலாப்பழங்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டேன். முள் குத்தியது. யாரோ மூட்டையை வாங்கி மேலே போட்டார்கள். குப்பம்மாள் முன்சீட்டில் ஏறி, புடவையைச் சரிசெய்து, கதவை அறைந்து சாத்தினார். கோவிந்தன் ஸ்டியரிங்கை விடாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நகரவில்லை.

"இன்னாடா பாத்துக்கினு இருக்கற, வண்டிய எடு" என்றார் குப்பம்மாள். "பதினாறு வருசமா நடக்கறேன். கால் வலிக்குது."